எடுக்காத காசு

என் அம்மா தன் சம்பளத்தைத் தன் கையால் வாங்கி நான் சின்ன வயதில் பார்த்ததே இல்லை. மாதம் பத்தாம் தேதி எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபிசுக்கு முன்னால் மேசை போடுவார்கள். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். அம்மாவின் பேரைக் கூப்பிட்டதும் அப்பா "இருக்கேங்க" என்று சொல்லிக்கொண்டு முன்னால் போவார். அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு பெயரும் சம்பளத்துக்கென்று அம்மாவின் பெயரும் இருப்பதாகவே நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

இதை அநியாயம் என்று அப்போது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் சொன்னதில்லை. காரணம் வெகு சாதாரணமானது. கவ்வாத்து வெட்டுகிற, மருந்தடிக்கிற ஆண்களுக்கு வேலை பகலோடு முடிந்துவிடும். பெண்கள் அந்திக் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வருவதற்குள் மலையில் மூட்டம் இறங்கிவிடும். மேசை போடுவதோ பிற்பகலில். ஆகவே புருஷன் போய் வாங்கிக்கொண்டான். வசதிக்காகத் தொடங்கியது வழக்கமாகி, வழக்கம் உரிமையாகிவிட்டது. சம்பளத்தன்று நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டு வெளுத்த சட்டையில் ஆபிசுக்கு இறங்கிப் போகும் அப்பாவைப் பார்க்க எனக்கே பெருமையாகத்தான் இருக்கும்.

மேசையில் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அந்தக் காசு ஆபிசுக்குத் திரும்பிப் போகும். அதற்கப்புறம் அதை வாங்குவது தனிக்கதை. பெரிய கிளாக்கரின் முகம் கொஞ்சம் தெளிவாக இருக்கிற நாளாகப் பார்த்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வாசலில் நிற்க வேண்டும். அரைநாள் வேலை போகும். சிலருக்குக் கிடைக்கும். சிலரை அடுத்த மாதம் வரச் சொல்வார்கள், அடுத்த மாதம் போனால் என்ன காசு, எந்த மாதம் என்று கேட்பார்கள். ஆகவே காசைப் பற்றி எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். கூப்பிடும்போது எடுக்காவிட்டால் போய்விடும்.

அப்பா கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரி விஷயங்களை எழுதினால் படிக்கிறவர்கள் உடனே ஒரு குடிகாரத் தகப்பனைத் தேடுவார்கள். சம்பளத்தன்று குடிப்பார், மறுநாள் வேலைக்குப் போவார், அவ்வளவுதான். அவருடைய வியாதி வேறு, தாராளம். காமன் கூத்துக்கு முதல் காசு அவருடையது. யார் வீட்டில் சடங்கு என்றாலும் சீர்வரிசையில் எங்கள் தட்டு பெரிதாக இருக்க வேண்டும். "இல்லை" என்று சொல்ல அவருக்கு நாக்கு வராது. இரண்டு பேருடைய சம்பளம் அவர் கைக்குள் வந்து, லயத்தைச் சுற்றிவிட்டு, கொஞ்சம் இளைத்துப்போய் அம்மாவிடம் வந்து சேரும்.

நான் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையில் நன்றாகவே தேறினேன். உயர்தரம் படிக்க அட்டன் டவுனுக்குப் போக வேண்டும், விடுதிக்குக் கட்ட வேண்டும். யாரும் என்னைப் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த மாதம் பார்ப்போம் என்றார்கள். அப்படி இரண்டு மூன்று அடுத்த மாதங்கள் போனபோது பள்ளிக்கூடத் தவணை தொடங்கிவிட்டது. தொண்ணூறுகளின் கடைசியில், தெரிந்தவர் ஒருவர் மூலமாகக் கொழும்பில் ஒரு சேலைக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு அதில் வருத்தமே இல்லை என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லமாட்டேன். பள்ளிக்கூட உடுப்பில் பிள்ளைகள் தாய்மாரோடு கடைக்கு வரும்போது வயிறு எரியும். சிரித்துக்கொண்டு சேலையை விரித்துக் காட்டுவேன்.

ஆனால் வீட்டில் தங்கச்சி இருந்தாள். எனக்கு எட்டு வயது இளையவள். கணக்கில் படுசுட்டி. கடையில் சாமான் வாங்கினால் முதலாளி கூட்டி முடிப்பதற்குள் இவள் மிச்சக் காசுக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். அவளுக்கும் ஒரு அடுத்த மாதம் வரும் என்று எனக்குத் தெரியும். எப்போது வரும் என்றுகூடத் தெரியும். அம்மாவுக்கு வேலையிலிருந்து ஓய்வு கொடுக்கும்போது.

எங்கள் பக்கத்தில் ஒருத்திக்கு வயது முடிந்து தோட்டத்துப் பதிவில் பேர் வெட்டினால் அந்த வீட்டிலிருந்து இன்னொருத்தி வேலைக்குப் பேர் பதிய வேண்டும். எழுதிய சட்டம் எங்கும் கிடையாது. ஆனாலும் பேர் இல்லாத வீட்டுக்குத் தோட்டம் கொடுத்த லயத்து அறை, அந்தக் காம்பரா, நிலைக்காது என்கிற பயம் எல்லோருக்கும் இருந்தது. அம்மாவின் கூடைக்குத் தங்கச்சியின் தலை என்று லயத்தில் எல்லோரும் எப்போதோ கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். என் கணக்கு வேறு. என் தலை தப்பியது, அவள் தலையும் தப்ப வேண்டும். நான் கொழும்பில் மதியச் சாப்பாட்டை இரண்டு வாழைப்பழத்தோடு முடித்துக்கொண்டதெல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

முதலில் மணியோடரில் அனுப்பினேன். அதைவிட முட்டாள்தனம் கிடையாது. டவுன் தபால் கந்தோரிலிருந்து தோட்டத்துக்குத் தபால் பை எடுத்துவருகிறவர், பையைத் தோளிலிருந்து இறக்குவதற்கு முன்னாலேயே செய்தியை இறக்கிவிடுவார். கொழுந்து நிறுக்கிற இடத்தில் வைத்தே அம்மாவிடம் "பெரியபுள்ள மணியோடர் போட்டிருக்கு" என்பார். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் ஐம்பது பேர். அந்தி சாயும் முன்னே எங்கள் வாசலில் இரண்டு பேர் நிற்பார்கள். அப்பாதான் மணியோடருக்குக் கையெழுத்துப் போட்டு எடுப்பார், அப்பாவுக்குத்தான் "இல்லை" வராதே. நான் அனுப்பியதில் ஒரு கலியாணத்துக்குப் பித்தளைக் குடம் போயிருக்கிறது, ஒருவரின் சைக்கிளுக்கு டயர் போயிருக்கிறது. தங்கச்சி காலுக்கு ஒரு சோடி சப்பாத்து வந்ததா என்று கேட்டால் அடுத்த மாதம்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷத்தில் கடையில் என்னைக் காசு வாங்கும் மேசைக்கு மாற்றினார்கள். அப்போதிருந்து எங்கள் சம்பளத்தை முதலாளி வங்கியில் போட ஆரம்பித்தார். எனக்கும் ஒரு பேங்க் காட் கிடைத்தது. அந்த வங்கிக்கு எங்கள் டவுனான தலவாக்கலையிலும் ஒரு கிளை இருந்தது, வாசலில் புதிதாகக் காசு எடுக்கும் மெஷினும் வைத்திருந்தார்கள். கொழும்பில் காலையில் போடுகிற காசு தலவாக்கலையில் அப்போதே இருக்கும் என்று கேள்விப்பட்டபோது, மற்றவர்கள் எல்லாம் அதன் வேகத்தைப் பற்றிப் பேசினார்கள். எனக்குப் பட்டது வேறு. இந்தக் காசைத் தோளில் தூக்கிக்கொண்டு வர ஒரு ஆள் தேவையில்லை, ஆகவே கூவவும் ஆள் இல்லை.

தீபாவளிக்குப் போனபோது அம்மாவைத் தலவாக்கலைக்குக் கூட்டிப்போய் அவள் பெயரிலேயே கணக்குத் திறந்தேன். கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை படித்தவள், எழுத்துக்கூட்டி வாசிப்பாள், பேரை எழுதுவாள். வங்கியில் இருந்தவர் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, "இஞ்ச கையெழுத்து வையுங்கோ அம்மா. அவசரமில்லை, ஆறுதலா எழுதுங்கோ" என்றார். எல்லாம் முடிந்த பிறகு, காட்டுக்கு ஒரு நம்பர் வரும், அதை ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று விளக்கினார்.

"அவருக்குமா?" என்றாள் அம்மா.

"உங்கட மனுசனுக்கும்தான். இந்தா நிக்கிற மகளுக்கும் சொல்லாதேங்கோ."

அம்மா வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சிரித்தாள். பஸ்ஸில் வரும்போது திடீரென்று, "அந்தம்மா சொன்னது நெசமாவா? யாருக்குமே சொல்லக்கூடாதாமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அந்த நான்கு இலக்கம் எனக்கு இன்றுவரை தெரியாது.

காட் வந்து, முதல் தடவை காசு எடுக்கப் போனது தைப்பொங்கலுக்கு நான் வீட்டில் இருந்தபோது. அப்பாவும் வந்தார். திருநீறும் வெளுத்த சட்டையுமாக, சம்பளத்துக்குப் போகிற அதே கோலம். மெஷின் ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் இருந்தது. அப்பா கதவைத் தள்ளப் போனார். அங்கே நின்ற செக்யூரிட்டிக்காரர் கையை நீட்டித் தடுத்து, "எக்கெனெக் விதரய்" என்றார். சிங்களத்தில் ஒருவர் மட்டும் என்று அர்த்தம். அப்பா தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டி அந்த ஒருவர் தான்தான் என்றார். காட் யாருடையது என்று அவர் கேட்டார். அம்மா சேலை முடிச்சிலிருந்து அவிழ்த்துக் காட்டினாள். செக்யூரிட்டிக்காரர் அம்மாவுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

இருபத்தைந்து வருஷமாக அம்மாவின் காசுக்கு முன்னால் போய் நின்றவர், அன்றைக்குத் தூறலில் குடையோடு வெளியே நின்றார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன, ஒன்றை மறைத்து மற்றதை மட்டும் எழுத எனக்கு இஷ்டமில்லை. "அவளுக்கு என்ன தெரியும்? எதையாவது அமுக்கி ஒடச்சு வைக்கப் போறா" என்றார் அப்பா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மாவின் முதுகு மட்டும் தெரிந்தது. பஸ்ஸில் நான் ஒரு காகிதத்தில் கட்டம் போட்டுக் காட்டியதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அமுக்கினாள்.

வெளியே வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை காசைப் பற்றியது இல்லை.

"பெரியபுள்ள, அந்த மெஷினு என்னைய 'தயவுசெய்து காத்திருக்கவும்'னு சொல்லுது."

"தமிழ்ல அமுக்குனா தமிழ்ல எழுதும்மா."

"அதில்ல. தயவுசெய்துங்குது. எனக்கு இதுவரைக்கும் யாரு அப்படிச் சொல்லியிருக்கா?"

நியாயமான கேள்வி. தோட்டத்தில் அம்மாவை "ஏய்" என்றும் "புள்ள" என்றும் கூப்பிட்டவர்கள் உண்டு, தயவுசெய்து என்று சொன்னவர் யாரும் இல்லை. மெஷினைக் கண்டுபிடித்தவனுக்கு மலைநாட்டுப் பெண்களிடம் தனியாக ஒன்றும் மரியாதை இருந்திருக்காது. ஆனால் அவன் எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுதிவைத்துவிட்டான், அதில் அம்மாவுக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

இதெல்லாம் நடந்து முடிந்து, அம்மா செய்த அடுத்த காரியம், கையிலிருந்த காசை அப்படியே அப்பாவிடம் நீட்டியது. கை பழக்கம். அப்பாவும் வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு டீக்கடைக்கு நடந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பேங்க் காட் வந்துவிட்டால் ஏழையின் வீடு நிமிர்ந்துவிடும் என்று பேசுகிறவர்களை இப்போதும் பார்க்கிறேன். காட்டுக்குக் கால் கிடையாது. அதை வைத்திருக்கிற கை பழைய பக்கமே நீளும். எங்கள் தோட்டத்திலேயே பின்னால் டவுன் கடைக்காரரிடம் காட்டையும் நம்பரையும் கொடுத்துவிட்டுச் சாமான் வாங்கியவர்கள் உண்டு.

அம்மாவின் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. மாதாமாதம் நான் போடும் காசை, போட்ட மறுநாளே, கடைசி நூறு ரூபாய்வரை துடைத்து எடுத்துவிடுவாள். கொஞ்சத்தை விட்டுவை, தங்கச்சிக்குச் சேரட்டும் என்று நான் கொழும்பிலிருந்து சொல்லுவேன். லயத்துக்கு மேலே கடை வைத்திருந்தவர் வீட்டுக்கு ஃபோன் வந்திருந்தது, அங்கே கூப்பிட்டு அம்மாவை வரச்சொல்லிப் பேசுவேன்.

"எடுக்கலன்னா திரும்பிப் போயிரும்ல" என்பாள்.

"எங்கம்மா போகும்?"

"பேங்குக்கு."

"பேங்குலதாம்மா இருக்கு."

"அதான் சொல்றேன். அவங்ககிட்டேயே போயிரும். ஒனக்குத் தெரியாது. நான் எத்தன பேரு காசு திரும்பிப் போயி பாத்திருக்கேன்."

வட்டி, சேமிப்பு என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவள் அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டாள். கொழும்புக்குப் போன பிள்ளைக்குத் தோட்டத்து நடப்பு மறந்துவிட்டது என்று நினைத்திருப்பாள். என் சொல்லுக்கும் அவள் கண்ணால் கண்டதற்கும் போட்டி, கண்டதுதான் ஜெயித்தது.

அந்த வருஷம் மழைக்காலத்தில், கொழுந்துக் கூடையோடு இறங்கும்போது அம்மா வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகிவிட்டது. வீங்கிப்போய்க் காலை ஊன்ற முடியவில்லை. போதாததற்கு மண் சரிந்து பஸ் ஓடவில்லை. அந்த மாதம் அவளால் தலவாக்கலைக்குப் போக முடியவில்லை. அதற்கடுத்த மாதமும் முடியவில்லை. காட்டை அப்பாவிடம் கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் கொடுத்தால் நம்பரையும் சொல்ல வேண்டும், அந்த யாழ்ப்பாணத்து அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதே. அம்மா வாக்கைக் காப்பாற்றினாள், காசு போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டாள்.

அப்பா கேட்டிருக்கிறார். "போயிருச்சு" என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அப்பாவும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அவருக்கும் அதே சட்டம்தானே தெரியும். "நான் வேணும்னா போயி அய்யாமாருகிட்டக் கேட்டுப் பாக்கட்டா?" என்று மட்டும் கேட்டாராம். அம்மா வேண்டாம் என்றிருக்கிறாள். எனக்கு இதெல்லாம் தெரியாது. காலில் அடி என்பதுகூட எனக்குத் தாமதமாகத்தான் சொன்னார்கள்.

மூன்றாவது மாதம் அம்மா நொண்டிக்கொண்டே போனாள், அந்த மாதத்துக் காசையாவது விட்டுவிடக்கூடாதே என்று. மெஷினில் தொகையைக் காட்டச்சொல்லி அமுக்கினாள். திரையில் வந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மூன்று மாதத்துக் காசும் அங்கே இருந்தது. வேறு யாருடைய காசோ தன் பெயரில் வந்துவிட்டது என்று முதலில் பயந்தாளாம். பிறகு விரலை மடக்கிக் கூட்டிப் பார்த்திருக்கிறாள், சரியாக இருந்தது. அப்படியும் முழுதாக நம்பவில்லை. கொஞ்சத்தை மட்டும் எடுத்துவிட்டு வந்து, அடுத்த வாரம் மருந்து வாங்குகிற சாக்கில் மறுபடி போய்ப் பார்த்தாள். மிச்சம் அப்படியே இருந்தது.

அன்றைக்கு அவளே டவுனில் காசு கட்டி ஃபோன் பேசும் கொம்யூனிகேஷனுக்குப் போய் என் சேலைக்கடைக்கு ஃபோன் எடுத்தாள். அம்மா ஃபோன் எடுத்தால் சாவு வீடு என்றுதான் அர்த்தம். நான் பதறிக்கொண்டு வாங்கினேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பெரியபுள்ள, அது திரும்பிப் போகல" என்றாள்.

நான் மாதக்கணக்காகச் சொன்னதை அந்தக் கணுக்கால் இரண்டு மாதத்தில் புரியவைத்துவிட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் வந்தது. அப்பாகிட்ட சொல்லிட்டியா என்று கேட்டேன்.

"அவரு போயிருச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு" என்றாள்.

"நீ என்ன சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லல."

அதற்கப்புறமும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. மாதாமாதம் போவாள், கொஞ்சம் எடுப்பாள், எடுத்ததை அப்பாவிடம் கொடுப்பாள். நான் எவ்வளவு போடுகிறேன் என்று அப்பா கேட்டதில்லை. பிள்ளையின் சம்பளத்தைக் கேட்பது கௌரவக் குறைச்சல் என்று நினைத்தார். கேட்டிருந்தால் அம்மா பொய் சொல்லியிருப்பாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவில்லை, அது எங்கள் அதிர்ஷ்டம்.

தங்கச்சி சாதாரண தரம் எழுதி முடித்தபோது அம்மாவுக்கு வயதும் முடிந்தது. தங்கச்சியின் பரீட்சைப் பெறுபேறு வந்த வாரம் நான் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். கணக்கில் மிக உயர்ந்த தேர்ச்சி. மற்றதும் நன்றாகவே இருந்தது. நான் ஒரு பெரிய சண்டைக்குத் தயாராக வந்திருந்தேன், வட்டகொடையில் ரயிலை விட்டு இறங்கும்போதே வசனங்களை மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை தங்கச்சியை ஆபிசுக்குக் கூட்டிவந்தால் பேர் பதிந்துவிடலாம், தொரையிடம் சொல்லியாயிற்று என்றார். அப்பா தலையாட்டினார். தங்கச்சி அடுப்படி வாசலில் நின்று சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த வயதில் நானும் அழவில்லை.

தலைவர் போனதும் நான் ஆரம்பித்தேன். அவள் மேலே படிக்க வேண்டும், அட்டனுக்கு அனுப்ப வேண்டும், என் படிப்பைப் போல அவள் படிப்பையும் அறுக்க விடமாட்டேன் என்று கத்தினேன். அப்பா பொறுமையாகத்தான் கேட்டார்.

"நான் வேணாங்கலம்மா. ரெண்டு பேரு ஓடுன வீடு. இனி என்னோட பேரு மட்டும்தான் இருக்கு, அதுவும் இன்னும் அஞ்சாறு வருசம். அவள அட்டன்ல வச்சுப் படிக்க வைக்க எங்க இருக்கு காசு? ஒன்னய ஒருத்திய எவ்வளவுதான் புழிஞ்சு எடுக்கிறது?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. அப்போது அம்மா அடுப்பிலிருந்து கேத்தலை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"சின்னதுக்குப் பேரு பதிய வேணாங்க. அதுக்கு விடுதிக்கும் வகுப்புக்கும் காசு இருக்கு."

"எங்க இருக்கு?"

"நான் எடுக்காத காசு."

அப்பாவுக்குப் புரியவில்லை. "அதான் திரும்பிப் போயிருச்சே" என்றார்.

"போகலீங்க. அப்பவும் போகல. அதுக்கப்புறமும் போகல. அங்கனயே இருக்கு."

அறை முழுக்கப் புகை வாசம். அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரை அறியாதவள் இல்லை. அவர் மனதுக்குள் எத்தனை மாதம், எத்தனை வருஷம் என்று ஓடுவது எனக்குத் தெரிந்தது. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"என்கிட்டச் சொல்லலயே புள்ள."

"சொல்லியிருந்தா இருந்திருக்குமாங்க?"

அம்மா இதைக் குத்திக்காட்டுகிற குரலில் கேட்கவில்லை. உப்பு இருக்கிறதா என்று கேட்பது போலத்தான் கேட்டாள். அப்பா, "இருந்திருக்காது" என்றார். என் அப்பாவை வாழ்நாளில் நான் மிக மதித்தது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

திங்கட்கிழமை அவர் தனியாகத் தலைவரிடம் போய், பிள்ளை படிக்கப் போகிறது என்று சொல்லிவிட்டு வந்தார். ஐந்தாறு வருஷத்தில் காம்பராவுக்கு என்ன செய்வாய் என்று தலைவர் கேட்டாராம். அப்போது பார்த்துக்கலாம் என்றாராம். எங்கள் வீட்டில் அந்த வார்த்தை முதல்முறையாக ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது.

தங்கச்சி அட்டனில் இருந்து கணிதப் பிரிவில் படித்தாள். முதல் தடவை பல்கலைக்கழகத்துக்குக் கேட்ட வெட்டுப்புள்ளியை அவள் எட்டவில்லை. விடுதியிலேயே இருந்து இரண்டாவது தடவை எழுதிப் போனாள். அந்த இரண்டாவது தடவை என்கிற ஒன்றுதான் எங்கள் ஆட்களுக்குக் கிடைக்காதது. ஒருமுறை விழுந்தால் கூடை. நான் கொழும்பில் சேலைக் கடைக்கு வரும் வசதியான வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. விழுந்து எழும்பும்வரை அவர்கள் வீட்டில் யாரோ காசை எடுக்காமல் வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் அதைச் செய்தது அம்மா.

அந்த மெஷின் தோட்டத்தில் யாருக்கும் ஒரு ரூபாய் சம்பளம் கூட்டவில்லை. கொழும்பில் சம்பாதிக்க ஒரு மகளோ மகனோ இல்லாத வீட்டில் அதற்கு வேலையே இருக்கவில்லை. அது செய்தது இரண்டு காரியம். பேரைக் கூவவில்லை. காசைத் திருப்பிக் கொண்டுபோகவில்லை. இந்த இரண்டையும் எங்கள் தோட்டத்து மேசையும் செய்திருக்கலாம், செய்திருந்தால் நானும் பல்கலைக்கழகம் போயிருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்பாவுக்கு வேலை முடிந்தபோது தங்கச்சி இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். யாருடைய பேரைப் பதிவது என்று ஆபிசில் கேட்டார்கள். யாரும் இல்லைங்க என்று அப்பா சொல்லிவிட்டு வந்தார். அந்தப் பத்தாம் தேதி மேசையில் எங்கள் வீட்டிலிருந்து ஒரு பேரும் இல்லை. கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து அப்படி ஒரு மாதம் இருந்திருக்காது. காம்பராவைக் கேட்டு யாரும் வரவில்லை. வந்தால் போவதற்கென்று தலவாக்கலையில் ஒரு வீட்டை வாடகைக்குப் பார்த்து வைத்திருந்தேன்.

அப்பாவின் சேமலாப நிதியை, சம்பளத்தில் பிடித்துச் சேர்த்துவைத்த காசை, வங்கியில்தான் போடுவார்கள் என்றார்கள். அவருக்கும் ஒரு கணக்கு, ஒரு காட். காசு வந்த செய்தி கிடைத்ததும் நாங்கள் மூன்று பேரும் போனோம். அதே கண்ணாடி அறை, வேறொரு செக்யூரிட்டிக்காரர், அதே தூறல். அப்பா திருநீறும் வெளுத்த சட்டையுமாக உள்ளே போனார். அம்மா வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவருக்கு ஆயுசுக்கும் சேர்ந்த காசு, முழுதையும் வழித்துக்கொண்டு வருவார், லயமே விருந்து சாப்பிடும் என்று நான் மனதுக்குள் நினைத்தேன். தடுக்கவும் எனக்கு மனம் இல்லை. அது அவருடைய காசு.

வெளியே வந்தவர் கையில் இரண்டே நோட்டு இருந்தது. அதை அம்மாவிடம் நீட்டினார்.

"இவ்வளவுதானா?" என்றாள் அம்மா.

"பஸ்ஸுக்கும் டீக்கும். மிச்சம் இருக்கட்டும். சின்னதுக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்குல்ல."

கொஞ்ச தூரம் நடந்த பிறகு நின்று, அந்தக் கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தார்.

"போயிராதுல்ல?" என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"போகாதுங்க" என்று சொல்லிவிட்டு அம்மா குடையை அவர் பக்கம் சாய்த்துக்கொண்டு நடந்தாள்.